போன சுவிட்ச் ஒன்று, வந்தவை மூன்று

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் புது பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் விளக்கும் எரியும். அரசாங்கம் ஒரு சுவிட்சைப் பிடுங்கிக்கொண்ட துக்கத்தை, க்ரூஸர் பைக்காரர்கள் கூடுதல் விளக்குகளுக்கென மூன்று சுவிட்ச் மாட்டி ஆற்றிக்கொள்கிறார்கள்.

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டுக்கு விளக்கு ஆசை பரம்பரைச் சொத்து. 1954 முதலே அதன் ஹெட்லைட்டுக்கு இருபுறமும் இரண்டு குட்டி பைலட் விளக்குகள் உட்கார்ந்துவிட்டன. பாதையைக் காட்டியதைவிட வண்டியை அடையாளம் காட்டியதே அவற்றின் சாதனை. இன்றைய வாரிசுகளின் லெக் கார்டிலோ எல்.இ.டி. திருவிழா: மஞ்சள், வெள்ளை, காரணமே இல்லாமல் கண்சிமிட்டும் மூன்றாவது மோட்.

மின்சாரக் கணக்கு எளிது. 55 வாட் ஹாலஜன் இரண்டு மாட்டினால், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன சுவிட்ச் அதைத் தாங்காது. அதனால்தான் நடுவே ரிலேயும் ஃபியூஸும். ரிலே காசை மிச்சம் பிடித்தவருக்கு சில நாளில் சுவிட்சே புகைந்து வழிகாட்டும்.

எந்த சுவிட்ச் எதற்கு என்று இருட்டில் தெரிய வேண்டுமே! அதற்காக சுவிட்சுக்குள்ளும் ஒரு விளக்கு வைத்துவிட்டார்கள். அந்த விளக்கை அணைக்கத் தனி சுவிட்ச் மட்டும்தான் பாக்கி.

இத்தனைக்கும் நடுவில், எதிரே வருபவர் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட்டுகிறார். விளக்கைக் கொஞ்சம் தரையைப் பார்க்கக் குனியவைக்க ஒரு ஸ்பேனர் போதும். ஊர்வலம் கிளம்பும் முன் அதைச் செய்துவிடுங்கள், அண்ணன்மார்களே.