இது கடி ஜோக் இல்லை

கேள்வி: குட்டியாக வாங்கிய ஆண் எலி. தோளில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் ஆனதும் கூண்டுக்குள் கையை விட்டாலே ரத்தம் வரக் கடிக்கிறது. என்ன ஆச்சு அதற்கு? (வாசகி, திருச்சி)

பதில்: வயசு ஆச்சு. ஐந்தாறு மாதத்துக்கு மேல் சில ஆண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் தலைக்கேறிவிடும். கையை வெளியே எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். முடியெல்லாம் சிலிர்த்து உருவம் ஒரு சுற்றுப் பெருக்கிறதா? முதுகை வளைத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வருகிறதா? மூக்கால் ‘புஸ் புஸ்’ என்று ஊதுகிறதா? விலாவைக் கம்பியில் தேய்த்து, போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடுகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டின் அந்த மூலை இனி அதன் ஏரியா. நீங்கள் மாமூல் கொடுக்காமல் உள்ளே வந்திருக்கிறீர்கள்.

இதற்கு மாறாக, கையைக் கண்டதும் மூலைக்கு ஓடி, கீச்சிட்டு, தப்பிக்க வழியே இல்லாதபோது மட்டும் கடித்தால் அது பயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹார்மோனுக்குக் கத்தி உண்டு, பயத்துக்குக் கிடையாது. எதற்கும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கட்டி, பல் தொல்லை, காது வலி என்று உள்ளே ஏதாவது இருந்தாலும் எலி சிடுசிடுக்கும். நாம் இல்லையா?

கேள்வி: ஒரு ஜோடி சேர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்கிறாரே என் மாமியார்? (ஒரு மருமகள், சேலம்)

பதில்: கால்கட்டுப் போட்டால் திருந்துவான் என்று நம்பி நாம் கெடுத்த குடும்பங்கள் போதாதா? கோபம் குறையாது, குட்டிதான் பெருகும். பெண் எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். ஈற்றுக்கு ஒரு டஜன்கூட வரும். ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடி சினை பிடிக்கும்.

கேள்வி: காயடித்தால் உடனே சாதுவாகிவிடுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மாட்டுக்கே உடனே ஆகாது, உங்கள் ஊர்ச் சந்தையில் கேட்டுப் பாருங்கள். விதையை எடுத்தாலும் ரத்தத்தில் ஏறிய ஹார்மோனும் அதோடு வந்த பழக்கமும் வடிய சில வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே கையை நீட்டிச் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு நான் பொறுப்பல்ல. ஹார்மோனால் வந்த மூர்க்கம் பெரும்பாலும் நன்றாகவே குறைகிறது. பிறகு மற்ற எலிகளோடு சேர்ந்தும் வாழ முடியும். எலி கூட்டமாக வாழும் பிராணி, தனிக்கூண்டு அதற்குத் தண்டனை. பெண் எலிகளோடு விடுவதென்றால் மட்டும் சில வாரம் பொறுங்கள். குழாய்களில் மிச்சமிருக்கும் விந்து போதும், உங்கள் செலவையெல்லாம் வீணாக்க.

கேள்வி: ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி போட வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: கூடாது. மனிதனையும் நாயையும் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பதற்காக. எலிக்கு வாந்தியே வராது. அதன் உடம்பமைப்பு அப்படி. எலி மருந்து தின்ற எலி அதைக் கக்கிப் பிழைக்க முடியாததும் இதனால்தான். இத்தனூண்டு உடம்பை நீண்ட நேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரைதான் இறங்கும்.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். முயல், கினிப் பன்றி, எலி என்று சின்னப் பிராணிகளை அறுத்துப் பழகியவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு மயக்கம் தருவாரா? மேஜையில் எலியைச் சூடாக வைத்திருக்க ஏற்பாடு உண்டா? சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும், பல எலிகளுக்கு அதுவே ஆபத்து. இன்னொன்றும் இருக்கிறது. ஆண் எலியின் விதைப்பைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பாதை வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். பயந்தால் விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அந்த வழியை அடைத்துத் தைக்காவிட்டால் குடல் இறங்கிவிடலாம். இதைச் சொன்னதும் “தெரியும், தெரியும்” என்று அலுத்துக்கொள்கிற டாக்டர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

வீட்டுக்கு வந்ததும் மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். தூள் தையலில் ஒட்டும். வலி மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். தையலைக் கடிக்கிறதா, வீங்குகிறதா, சீழ் வைக்கிறதா என்று தினமும் பாருங்கள். கண்ணோரம், மூக்கோரம் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று அலற வேண்டாம். அது கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. வலியோ மனக்கலக்கமோ இருந்தால் அதிகம் சுரக்கும். நிற்காவிட்டால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

கேள்வி: எலிக்கெல்லாம் ஆபரேஷனா? காசுக்குப் பிடித்த கேடு! (பெரியவர், கும்பகோணம்)

பதில்: பிள்ளையார் கஜமுகாசுரனை எலியாக்கி, மேலே ஏறி உட்கார்ந்தே அடக்கினார். செலவில்லாத வழிதான். உங்கள் எடைக்கும் என் எடைக்கும் சரிப்படாது.

கேள்வி: என்னுடையது பயந்து கடிக்கிற ரகம். எப்படிப் பழக்குவது? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தயிரும் ஒரு நீளமான ஸ்பூனும். ஸ்பூன் நுனியில் தயிர் தொட்டு நீட்டுங்கள். கவ்விக்கொண்டு ஓட முடியாது, அங்கேயே நின்று நக்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் இருக்கும்போதே நிற்கலாம் என்று அது கற்பது அப்போதுதான். கம்பி இடுக்கில் மட்டும் எதையும் ஊட்டாதீர்கள். அப்புறம் கம்பி வழியாக வருவதெல்லாம் தீனி என்று உங்கள் விரலையும் சேர்த்துக்கொள்ளும். மேலிருந்து பிடிக்கவும் கூடாது. மேலிருந்து வருவது எலிக்குப் பருந்துதான். நீங்கள் போட்டுக் கழற்றிய பனியன் ஒன்றை அது படுக்கப் போட்டு வையுங்கள். உங்கள் வாசனைக்குப் பழகட்டும், பாவம்.

நம்பிக்கை வந்தபின் பிடரியில் கிச்சுக்கிச்சு மூட்டலாம். யாக் பாங்க்செப் என்ற மூளை விஞ்ஞானி அப்படி மூட்டியபோது எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிட்டன. 20க்கு மேல் நம் காதில் விழாது. சிரிப்பு கேட்காவிட்டாலும் கண்ணால் பார்க்கலாம். பல்லை நறநறவென்று அரைக்கும், அரைக்கும்போதே கண் பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போகும். முதல் தடவை பார்ப்பவர் வலிப்பு என்று நினைப்பார். அதுதான் பரம சுகம்.

கேள்வி: சில எலிகள் பிறவியிலேயே முரடா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிறப்பிலும் பங்கு உண்டு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் மரபியல் விஞ்ஞானி பெல்யாயெவின் குழுவினர் 1972இல் காட்டெலிகளைப் பிடித்து, மனிதக் கையைக் கண்டு சீறாதவற்றை ஒரு வம்சமாகவும் சீறுபவற்றை இன்னொரு வம்சமாகவும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒன்று கைக்குச் சாதுவாகப் பழகியது, மற்றது கூண்டுக் கதவின் மேல் பாய்ந்தது. எனவே குட்டி வாங்கும்போது தாயைக் காட்டச் சொல்லுங்கள். பெண் பார்க்கப் போகும்போது நம் ஊரில் செய்வதுதானே.

கேள்வி: கடித்தால் ஊசி போட வேண்டுமா? (வாசகி, வேலூர்)

பதில்: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் எலியால் ரேபிஸ் வருவது மிக அரிது, டி.டி. ஊசியை அவர் பார்த்துக்கொள்வார். சில நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் எலி கடித்ததை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்கடிக் காய்ச்சல் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

கேள்வி: என் எலியின் பெயர் ரவுடி. ஆபரேஷனுக்குப் பிறகு பெயரை மாற்றலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: பெயரைக் கூப்பிட்டால் வரப் பழகியிருக்குமே, மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தயிர்ச் செலவு. இருக்கட்டும். வெளியில் ரவுடி, வீட்டில் பரம சாது என்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இல்லையா என்ன?