மண்குதிரையை நம்பித் தொட்டியில் இறங்குதல்: பாகூரிலிருந்து ஓர் ஆய்வு

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியால் அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். அது குதிரை அல்ல, குதிர்; ஆற்று நடுவே குவியும் மணல் மேடு என்பது ஒரு கட்சி. குதிரையேதான் என்பது மறு கட்சி. யாராவது ஒரு மண்குதிரையைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு வந்து பேசினால் தேவலை. அந்தக் குறையைப் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், மூன்றரை வயதில், என் அக்கா மகள் தீர்த்துவைத்தாள்.

ஆய்வுப் பொருள்: வில்லியனூர்ச் சுடுமண் குதிரை. உயரம் ஒரு சாண். காது ஒன்று, வாங்கும்போது இரண்டு. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த வேலையில் பேரெடுத்த வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்ட ஊர்ப் பிறப்பு, எங்கள் வீட்டில் சோற்றுப் பருக்கையும் விளக்கெண்ணெயும் எச்சிலும் ஏறி, இருட்டிலும் மூக்கால் கண்டுபிடிக்கக்கூடிய நிலையை எட்டியிருந்தது.

சங்கராபரணி ஆற்றில் இறக்குவதே முறை. கோடை என்பதால் மோட்டார் கொட்டகைத் தொட்டியோடு திருப்தி அடைந்தோம். பாப்பா குதிரையைக் குளிப்பாட்டினாள். கரையவில்லை. பச்சை மண்தான் கரையும். சூளையில் வெந்த மண் மறுபடி சேறாகாது. ஆனால் குதிரை நேராக அடிக்குப் போய்விட்டது. ஆகவே பழமொழியின் காரணம் தப்பு, முடிவு சரி. குதிரையை நம்பி யாரும் இறங்கவில்லை. குதிரைக்காக நான் இறங்கினேன், வேட்டியோடு.

எடுத்த கையோடு அக்கா அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பாப்பா முகர்ந்து பார்த்தாள். அன்றிரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. இத்தகைய பொருள்களை அழுக்கும் நாற்றமுமாகவே விட்டுவைக்க வேண்டும், கழுவினால் குழந்தைக்கு ஏதோ அறுந்துபோகும் என்று டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1953இல் எழுதியிருக்கிறார். "அத்த ஏண்டி கழுவுன?" என்று பாப்பாவின் ஆயா கேட்டதும் இதே கருத்துதான், அளவு கொஞ்சம் சிறியது.

எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பாரிசில் இருக்கும் மகன் அனுப்பிய கரடி பொம்மை ஒன்றைக் கொடுத்தார். வயிற்றை அமுக்கினால் பிரெஞ்சில் பாடும். அது இப்போது குதிரைக்கு மெத்தை.

இதற்கிடையே குதிரையின் முன்காலில் விரிசல் தெரிந்தது. முன்ஜாக்கிரதையாக, அதே அச்சில் இன்னும் மூன்று குதிரைகள் வாங்கி வந்தோம். ஒரு காதை மட்டும் உடைப்பது நினைத்ததுபோல் எளிதல்ல; இரண்டு தலையோடு போயின. தேறிய ஒன்றுக்கு எண்ணெய் தடவி, பருக்கை ஒட்டி, பாப்பாவிடம் நீட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை.

"இது வேற குதிலை, மாமா. இதுக்குக் காது வலிக்குது."

பழைய குதிரை பாப்பாவின் தலைமாட்டில், கரடியின் மேல் படுத்திருக்கிறது. புதிய குதிரையின் காதுக்கு ஆயா மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறார்.