வேஷ நிர்ணயம்: யுத்தகாலச் சினிமாவை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

யுத்த காலத்தில் ஒருவனை இன்னான் என்று நிச்சயிப்பது முகத்தாலா, மொழியாலா, தொப்பியாலா என்ற வினா அற்பமாகத் தோன்றினும், ஒற்றர் கதைகள் யாவும் அதன் மீதே நிற்பதால், முறைப்படி விசாரிக்கத் தக்கதே.

முகமே பிரமாணம் என்பது பூர்வபக்ஷம். இதற்கு மறுப்பு, 1945-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'பர்மா ராணி'. கச்சா பிலிமைப் பங்கிட்டளித்த சர்க்கார், யுத்தப் பிரசாரப் படங்களைப் படமுதலாளிகளிடம் எதிர்பார்த்த காலம் அது. லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் பயின்ற டி. ஆர். சுந்தரம் ஜப்பானியத் தளபதியானார். பெங்களூரை அடுத்த நெலமங்கலப் பகுதியில் பிறந்து, கன்னட நாடக மேடையில் வளர்ந்த ஹொன்னப்ப பாகவதர் இந்திய விமானியானார். தளபதியின் உடுப்பைக் கண்டதும் சபையோர் அவரை ஜப்பானியர் என ஏற்றனர். முகத்தை எவரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

பெயரே பிரமாணம் என்பாரும் உளர். 1944 டிசம்பரில் தியாகராஜ பாகவதர் கைதாகவே, அவர் நடிக்கவிருந்த 'ஸ்ரீ முருகன்' 1946-இல் ஹொன்னப்பரைக் கொண்டு வெளிவந்தது. பாகவதர் போய்ப் பாகவதர் வந்தார். ஆள் வேறு, பட்டம் ஒன்று. எனவே பெயரும் பிரமாணமாகாது.

எஞ்சியது மொழி. அதைச் சோதிக்கப் பெங்களூரினும் தகுந்த ஊரில்லை. 1940-இல் அங்கு தோன்றிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்கப் படையின் பொறுப்பில் மெய்யான போர்விமானங்களைப் பழுதுபார்த்ததால், ஒற்றர்க்கு அங்கே அலுவல் உண்டென்பது வெளிப்படை. ஆயினும் காய்காரியிடம் தமிழிலும், கடைக்காரரிடம் கன்னடத்திலும், ஜட்காக்காரரிடம் உருதுவிலும் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்குள் தெலுங்கில் சலித்துக்கொள்ளும் கண்டோன்மெண்ட்வாசியை, பேச்சைக்கொண்டு பிடிக்கப் புறப்படும் துப்பறிவோன், அந்திக்குள் ஊரையே விலங்கிட நேரும்.

ஆகவே தொப்பியே பிரமாணம் என்பது சித்தாந்தம். ஒற்றன் தொப்பியைக் கழற்றிவிட்டால் என்ன கதி என்பார்க்கு விடை எளிது: அது கடைசி ரீலில்தான் நிகழும்; அதற்குள் கொட்டகையில் முறுக்கு விற்பவன் உட்பட அனைவரும் அவனை அறிந்திருப்பராதலால், வியப்படையும் கடமை திரைக்குள் இருப்பவர்க்கு மட்டுமே உரியது.