ஐ.பி. பள்ளிக்கூடமும் ஆறு ஏக்கரா கழனியும்

வா மருமவனே, வா. செருப்பக் கழட்டிட்டு திண்ணையில குந்து. மொகம் ஏன் இப்பிடித் தொங்குது? பொண்ண இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேத்தப்ப செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பு கேட்டுச்சே. ரெண்டாங்கிளாசு, வருசத்துக்கு மூணரை லட்சம். உங்க அம்மா, என் தங்கச்சி, அஞ்சாவதோட நின்னவ. அவ பேத்திக்கு மூணரை லட்சம்னா எங்களுக்கும் பெருமைதான்.

பெருமைய அளந்து பாக்கலாம்னு ஒரு ராத்திரி கணக்குகூடப் போட்டேன். 2025-26 சீசனுக்கு சர்க்கார் கொள்முதல்ல சாதா நெல்லு குவிண்டால் 2,500 ரூபா. அப்ப மூணரை லட்சத்துக்கு 140 குவிண்டால். ஏக்கராவுக்கு 25 குவிண்டால் கண்டா நான் மீசைய முறுக்குற ஆளு. ஆக, ஆறு ஏக்கரா கழனிய உழுது, நட்டு, களையெடுத்து, அறுத்து, மழைக்கு முன்ன கமிட்டியில கொண்டு போய் எறக்கினா உன் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் பாஸு. உரம், ஆள் கூலி, டிராக்டர் வாடகையெல்லாம் சாமி குடுத்துச்சின்னு வெச்சிக்கோ. மூணாங்கிளாசுக்கு உன் மாமனாரு கழனிய பாத்துக்கலாம்.

சரி, இப்ப இன்னா கொறை? மார்க்கே போடலியா? குடு பாப்போம் அந்தக் கார்ட. ம்... கண்ணாடிய எடு. தமிழ்ல ‘எமர்ஜிங்’. கணக்குல ‘டெவலப்பிங்’. கூட்டாளிங்களோட பழகுறதுல ‘எக்ஸீடிங்’. ரேங்கு இல்ல, நூத்துக்கு எத்தனன்னு இல்ல, செவப்பு மையில ஒரு கோடுகூட இல்ல. இதுக்குத்தானா ராவெல்லாம் தூங்கல? டேய், மார்க்கு வேணும்னா நம்ம பஞ்சாயத்து ஸ்கூல்லயே காசில்லாம குடுத்திருப்பாங்களே. மார்க்கு வேணாம்னுதான நீ மூணரை லட்சம் கட்டினே?

எமர்ஜிங்னா இன்னா, மொளைச்சி வருதுன்னுதான? மல்லாட்ட, அதான் வேர்க்கடல, வெதைச்சா ஏழாம் நாளு, எட்டாம் நாளு மண்ணப் பொளந்துனு தல காட்டும். அன்னிக்கே புடுங்கிப் பாத்து காய் எங்கடான்னு கேப்பியா? கேக்க மாட்ட, ஏன்னா அது உன் காசில்ல, என் காசு.

அட்மிஷன் அன்னிக்கு என்னையும் காருல இட்டுனு போனியே, ஞாபகம் இருக்குதா? ஊரும் வேணாம், ஸ்கூல் பேரும் வேணாம், அவங்க நல்லா இருக்கட்டும். ஏசி ரூமு. கண்ணாடிக் கிண்ணத்துல புதினா முட்டாயி. நான் நாலு எடுத்தேன், நீ என் காலை மிதிச்சே. அந்தம்மா வந்து, “எங்களுது ஐபி ஸ்கூல்”ன்னாங்க. எனக்கு ஐ.பி.ன்னா பொதுப்பணித்துறை இன்ஸ்பெக்ஷன் பங்களாதான் தெரியும். கலெக்டரு வந்தா கோழி அடிப்பாங்களே, அதான். பங்களாவுல ஏம்மா புள்ளைங்கள வெச்சிருக்கீங்கன்னு கேக்க வாயெடுத்தேன், நீ ரெண்டாம் வாட்டி மிதிச்சே. கடைசியா அந்தம்மா என்னப் பாத்து, “எங்ககிட்ட என்ன எதிர்பாக்கறீங்க தாத்தா?”ன்னு கேட்டாங்க. மோர் இருந்தா ஒரு சொம்புன்னேன். அந்தம்மா அதையும் நோட்டுல எழுதிக்கினாங்க பாரு, அங்கதான் எனக்கு அந்த ஸ்கூல் மேல கொஞ்சம் மதிப்பு வந்துது.

அப்புறம் வந்து அந்த ஐபி இன்னான்னு விசாரிச்சேன்டா. 1968ல ஜெனிவாவுல ஆரம்பிச்ச ஏற்பாடாம் அது. ஊர் ஊரா மாத்தலாவுற ஆபீசருங்க, தூதருங்க புள்ளைங்க எந்த நாட்டுக்குப் போனாலும் படிப்பு அறுந்து போவக்கூடாதுன்னு பண்ணது. பன்னெண்டாவதுக்கு ஆறு பாடம், பாடத்துக்கு ஏழு புள்ளி, கூட மூணு, ஆக மொத்தம் 45. அதுல 24 எடுத்தா தேறலாம். 4,000 வார்த்தையில ஒரு கட்டுரை எழுதணும், அதுவும் தானே தலைப்பு புடிச்சி, தானே தேடி. நம்ம பக்கத்துல 4,000 வார்த்தை எழுதுனது ரெண்டே பேரு. பத்திர எழுத்தரு ஒண்ணு, மொட்டக் கடுதாசி போடுற உங்க சித்தப்பா ஒண்ணு. இதெல்லாம் போவ, ஊருக்கு ஒழைக்கணும்னும் ஒரு பாடமாம். ஏரி தூர் வாரணும், மரம் நடணும். நாங்க எட்டு வயசுல ஆடு மேய்ச்சி, தண்ணி எறைச்சி, ஏரிக்கரையில மண்ணு சொமந்தோமே, அதையெல்லாம் எழுதி வெச்சிருந்தா இன்னிக்கு நானும் ஜெனிவா டிப்ளமா.

ஆனா ஒண்ணு. ஜெனிவாவுக்கு நெசமாவே கட்டுப்பட்ட ஸ்கூலு வேற. வாசல்ல ‘இன்டர்நேஷனல்’னு தகரத்துல எழுதி மாட்டுனது வேற. உள்ள போனா நம்ம சமச்சீர் புஸ்தகமோ, டில்லிக்காரங்க சிபிஎஸ்இ புஸ்தகமோ இருக்கும், போர்டுல மட்டும் பூமி உருண்டை சுத்தும். என் வயசுக்கு இந்தப் போர்டு எத்தினி வாட்டி மாறிச்சின்னு பாத்தவன் நான். மொதல்ல ‘கான்வென்ட்’ன்னாங்க, கன்னியாஸ்திரீ யாரும் இல்லாமலே. அப்புறம் ‘மெட்ரிக்’. யுனிவர்சிட்டிக்குக் கீழ இருந்த மெட்ரிக்க எழுபதுகள்ல சர்க்கார் எடுத்துக்கிச்சி, அதுக்கப்புறம் சந்துக்குச் சந்து மெட்ரிக் மொளைச்சிது. 2010ல சமச்சீர் வந்து சர்க்கார் ஸ்கூலுக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே புஸ்தகம்னு ஆனதும், மெட்ரிக்குக்கு மவுசு கொறைஞ்சி எல்லாரும் சிபிஎஸ்இக்கு ஓடினாங்க. அந்த சிபிஎஸ்இயே 2010ல இன்டர்நேஷனல்னு ஒரு பாடத்திட்டம் ஆரம்பிச்சி, 2017ல மூட்டை கட்டிடுச்சி. அதே கட்டடம், அதே வேப்பமரம், அதே உடைஞ்ச ஊஞ்சல். பெயின்டருக்குத்தான் நல்ல வரும்படி.

சிரிக்காத. நம்ம செஞ்சிக் கோட்டையே அப்பிடித்தான? நாயக்கருங்க ஆண்டாங்க. பீஜப்பூர்க்காரன் புடிச்சான். 1677ல சிவாஜி வந்து வாங்கினாரு. அவரு மவன் ராஜாராம் உள்ள இருந்தப்ப ஔரங்கசீப்போட படை வருசக்கணக்கா வெளியில குந்தியிருந்து 1698ல புடிச்சிது. அப்புறம் தேசிங்கு ராஜா. அந்தப் புள்ள 1714ல ஆற்காட்டு நவாப்பு படையோட மோதி செத்துப் போச்சி. 1750ல பிரெஞ்சுக்காரன், 1761ல இங்கிலீஷ்காரன். இன்டர்நேஷனல்னா எங்க ஊருதான்டா இன்டர்நேஷனல்! இத்தினி பேரு வாசல் போர்ட மாத்தினாங்க, ராஜகிரி மேல ஏர்ற படி மட்டும் அப்பிடியேதான் இருக்குது. யாரா இருந்தாலும் மூச்சு வாங்கினுதான் ஏறணும். 2025 ஜூலையில யுனெஸ்கோக்காரங்க மராட்டியரு கோட்டைங்கன்னு பன்னெண்டப் பட்டியல்ல சேத்தாங்க. பதினொண்ணு மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு நம்மது. அதுக்கும் இப்ப ஒரு போர்டு வந்தாச்சி.

அசல் சரக்கு இல்லாம இல்ல. கொடைக்கானல்ல ஒரு ஸ்கூலு இருக்குது, அமெரிக்கப் பாதிரிமாருங்க 1901ல தங்க புள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்சது. இந்தியாவுலயே மொத மொத 1976ல அந்த ஐபிய கொண்டாந்தது அவங்கதான். அவ்ளோ தூரம் ஏன், பாண்டிச்சேரி பக்கத்துலதான இருக்குது. நான் மல்லாட்ட மூட்டை ஏத்தினு போன காலத்துல அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளிக்கூடத்த வெளியில நின்னு பாத்திருக்கேன். 1943ல இருபது சொச்சம் புள்ளைங்களோட அன்னை ஆரம்பிச்சாங்க. பேருல ‘இன்டர்நேஷனல்’ இருக்குது, கணக்கும் சயின்சும் பிரெஞ்சுல நடத்துறாங்க. எல்லாம் சரி, படிச்சி முடிச்சா சர்டிபிகேட்டு? கிடையாது! டிகிரியும் கிடையாது, பட்டயமும் கிடையாது. படிப்பு படிப்புக்காவன்னுட்டாங்க. எண்பது வருசமா நடக்குது. உன்ன மாதிரி ஒரு அப்பன் அங்க புள்ளைய சேத்திருந்தா கடல்ல வுழுந்திருப்பான்.

நீ கேக்குற, மார்க்கு இல்லாம புள்ள படிக்குதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்னு. போன மாசம் கிளாஸ் புள்ளைங்கள பஸ்ஸுல ஏத்தி கோட்டையப் பாக்க அனுப்பினாங்க இல்ல? ஒரு கிளாசு முச்சூடும் பன்னெண்டே உருப்படி, கூட ரெண்டு டீச்சருங்க. பன்னெண்டு ஆட்டுக்கு ரெண்டு இடையன் வெச்சா எந்த ஆடும் காணாமப் போவாதுதான். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு அட்டை, அட்டையில கிளிப்பு. கல்யாண மகால் கிட்ட வந்து நின்னுச்சிங்க. நானும் பேத்தியப் பாக்கப் போயிருந்தேன். எங்க காலத்துல வாத்தியாரு அங்க நின்னு தேசிங்கு ராஜா கதைய ஒரு மூச்சுல சொல்லுவாரு, குதிரைய வர்ணிக்கிறப்ப நாங்க வாயப் பொளப்போம், எறங்கி வந்து புளி சாதம் துன்னுட்டு வூட்டுக்கு வந்துடுவோம். உன் பொண்ணு மேல அண்ணாந்து பாத்தா. கைடு வந்து, வெளியில இருக்குற கொளத்துல இருந்து மண் கொழாயில தண்ணி மேல மாடி வரைக்கும் போச்சின்னாரு. இவ ஒடனே, “தண்ணி கீழதான ஓடும்? யாரு மேல தள்ளினாங்க தாத்தா?”ன்னா.

எழுபத்தி மூணு வருசம் இந்தக் கோட்டை நெழல்ல ஆடு மேய்ச்சவன்டா நான். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வரல. கைடு மொகத்தப் பாத்தேன், அவருக்கும் வரல. டீச்சரம்மாவாச்சும் ‘அந்தக் கொளம் எவ்ளோ ஒசரத்துல இருக்குது, பாப்போமா’ன்னு அதுங்கள இட்டுனு போனாங்க. பன்னெண்டும் வெயில்ல ஓடிச்சிங்க.

சாயங்காலம் நம்ம கொல்லைக்கு வந்தா. மல்லாட்ட பூத்திருந்த நேரம். மஞ்சப் பூ மேல இருக்குதே, காய் ஏன் மண்ணுக்குள்ள இருக்குதுன்னு கேட்டுட்டு அங்கியே குந்திட்டா. ஒரு செடியப் பிரிச்சி காட்டினேன். பூ வாடின எடத்துல ஊசியாட்டம் ஒரு விழுது கெளம்பி மண்ணப் பாத்து எறங்கும் பாரு, அதை வெரலால தொட்டுப் பாத்தா. எறங்கினது ஒண்ணு, பாதியில நிக்கிறது ஒண்ணு, இன்னும் மண்ணத் தொடாதது ஒண்ணு. மூணையும் அட்டையில வரைஞ்சா. ரெண்டாங்கிளாஸ் கையி, கோடு கோணதான். ஆனா அந்த ஊசி மொனையில இருக்குற ஊதாவ விடாம தீட்டினா. நான் மல்லாட்டைய ஆயிரம் வாட்டி புடுங்கினவன், அந்த நெறத்த அன்னிக்குத்தான் பாத்தேன்.

இதுக்கு எத்தினி மார்க்கு போடுவே சொல்லு?

கொஞ்சறதுக்கு சொல்லல. உன் பொண்ணு ‘கொல்லை’ன்றத எழுதறப்ப ‘கொள்ளை’ன்னுதான் எழுதியிருந்தா. நம்ம கொல்லைய யாரோ கொள்ளையடிச்சிட்டாப்போல ஆயிடுச்சி. 2006லயே சர்க்கார் ஸ்கூல்ல தமிழ் கட்டாயம்னு சட்டம் போட்டுச்சி, அதுக்கு இவங்க வாரத்துக்கு எத்தினி பிரீடு ஒதுக்குறாங்கன்னு போய் கேளு. ஏசி எத்தினி டன்னுன்னு கேட்டல்ல, அத மாதிரி இதையும் கேளு. இன்னொண்ணும் கேளு, அந்த டீச்சரம்மாவுக்கு இன்னா சம்பளம்னு. திருநாதர் குன்றுல ஒரு கல்வெட்டு இருக்குது பாத்திருக்கியா? பாறையில இருபத்தி நாலு தீர்த்தங்கரருங்க செதுக்கியிருப்பாங்க, அங்கதான். சந்திரநந்தின்னு ஒரு ஆசிரியரு, 57 நாளு உண்ணாம இருந்து உசுர விட்டாருன்னு வெட்டி வெச்சிருக்காங்க. அவரு சமணத் துறவி, மனசார இருந்தாரு, கையெடுத்துக் கும்புடணும். இந்தப் புள்ளைங்கள வெயில்ல இட்டுனு ஓடின டீச்சரம்மா மத்தியானம் டப்பாவுல ரெண்டு இட்லிதான் வெச்சிருந்தாங்க, அதையும் ஒரு பையன் வாந்தி எடுத்தான்னு பாதியில மூடிட்டாங்க. மூணரை லட்சம் இன்டு பன்னெண்டு இன்னான்னு நீயே ஃபோன்ல தட்டு. அதுல அந்தம்மா கைக்கு எவ்ளோ போவுதுன்னு தெரிஞ்சா, அடுத்த வருசம் அந்தம்மா அங்க இருப்பாங்களா மாட்டாங்களான்னு நான் சொல்லிடறேன். அவங்க போயிட்டா நீயும் பொண்ண இட்டுனு போயிடு, போர்டு தங்கத்துல மாட்டியிருந்தாலும்.

அதுவரைக்கும் கார்ட மடிச்சி பாக்கெட்டுல வையி. பக்கத்து ஃபிளாட்டு புள்ள 98 வாங்கிச்சின்னு உன் பொண்டாட்டி சொன்னா, நம்முது எமர்ஜிங்குன்னு தெகிரியமா சொல்லு. அவங்களுக்கும் அர்த்தம் தெரியாது, பயந்துடுவாங்க.

அய்ய, மறந்துட்டேனே. ஸ்கூல்லேர்ந்து எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்குது, அந்த அலமாரியில பாரு. வர்ற புதங்கெழமை ‘ரிசோர்ஸ் பர்சனா’ வந்து மல்லாட்ட சாகுபடி பத்தி ஒரு மணி நேரம் பேசணுமாம். புள்ளைங்க தொட்டுப் பாக்க காயோட செடி பதினஞ்சு கொண்டாரணுமாம், அவிச்ச மல்லாட்ட கொஞ்சம் கெடைச்சா நல்லதாம். கீழ ‘வித் கிராட்டிட்யூட்’னு போட்டிருக்குது. அந்த கிராட்டிட்யூடு எவ்ளோ ரூபான்னு ஒரு ஃபோன் போட்டுக் கேளு மருமவனே. கையில குடுக்க சங்கடமா இருந்தா பரவால்ல, மூணாங்கிளாஸ் ஃபீசுல கழிச்சிக்கச் சொல்லு.