ஆயா வாயில செந்தமிழா?

வாப்பா, குந்து. லீவுல பசங்களுக்குக் கதை எழுதக் கத்துக் குடுக்கிறியாமே? நல்ல காரியம். சுவத்துல சார்ட்டு வேற ஒட்டியிருக்கியாம். ‘என்றான்’னு எழுதினா மார்க்கு போயிடுமாம். அதுக்குப் பதிலா வினவினான், விளம்பினான், இயம்பினான், நவின்றான், பகர்ந்தான். எம்பேரன் நோட்டப் பாத்தேன். நம்ம கே.ஜி.எஃப் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில ஒரு பையன், “ஒரு பன்னு குடுங்கண்ணே” என்று பகர்ந்தானாம். ஏம்பா, பன்னுக்கெல்லாமா பகருவாங்க? கடைக்காரன் பயந்துபோய் காசு வாங்காம குடுத்திருப்பான்.

அடுத்த பக்கத்துல அவன் ஆயா வர்றா. எம்பொண்டாட்டிதான். மாரிக்குப்பத்துல பொறந்து சாம்பியன் ரீஃப் லைனுக்கு வாக்கப்பட்டு வந்தவ. அவ கேக்கறா: “பேரனே, சிற்றுண்டி அருந்தினாயா?” கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவகூட குடும்பம் நடத்தறேன். சிற்றுண்டின்னு ஒரு வார்த்தை அந்த வாயிலேர்ந்து விழுந்து நான் பாத்ததில்ல. “இன்னாடா, துன்னியா இல்லியா?” அவ்ளோதான் அவ. அந்த ஒரு வரியில அவ கோவமும் கீது, பாசமும் கீது, அடுப்புல தோசை காயறதும் கீது. பையன் மொதல்ல அப்படித்தான் எழுதியிருக்கான். நீதான் சிவப்புப் பேனாவால அடிச்சி, ஓரத்துல ‘கொச்சை’ன்னு போட்டிருக்க.

புதுமைப்பித்தன் படிச்சிருக்கியா? ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’னு ஒரு கதை. கடவுளே மெட்ராஸ் பிராட்வே பக்கம் வந்து நின்னு மனுசனாட்டம் பேசறாரு. கடவுள் பேசலாம், எம்பொண்டாட்டி பேசக் கூடாதா? கரிசக்காட்டுப் பேச்சுக்கு 1982ல அகராதியே போட்டாரு கி. ராஜநாராயணன். அவரோட ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்கு 1991ல சாகித்ய அகாடமி விருது குடுத்தாங்க. யாரும் கொச்சைன்னு திருப்பி அனுப்பல. கதை சொல்றவன் புஸ்தகத் தமிழ்ல சொல்லட்டும், யார் வேணாம்னது? வாயத் தொறக்கறவங்க அவங்க வாயால பேசட்டும்.

சரி, மேற்கோள் குறி விசயத்துக்கு வருவோம். குறியே வேணாம்னு சொல்ற கெழவன்னு நெனச்சிடாத. இந்த வரியப் பாரு: நான் திருடலன்னு முருகன் சொன்னான். யார் திருடல? முருகனா, கதை சொல்ற நானா? வாயால சொல்ல சொல்ல மூஞ்சியும் கையும் காட்டிக் குடுத்துடும். நோட்டுல மூஞ்சி ஏது? “நான் திருடல” என்று முருகன் சொன்னான். இப்பப் புரியுதா? தம்மாத்தூண்டு ரெட்டைக் கொம்பு, ஒரு பையனைப் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வெளிய கொண்டாந்துடுச்சி. அந்தக் குறி எதுக்குன்னு இப்படிச் சொல்லிக் குடு. ‘மேற்கோள் குறிக்கு முன்னாடி காற்புள்ளி, கேள்விக்குறி உள்பக்கம்’னு விதிய ஒப்பிக்க வெச்சா, பையன் விதிய எழுதுவான், கதைய எழுத மாட்டான்.

ஓலைச்சுவடியில இதெல்லாம் கெடையாது தெரியுமா? காற்புள்ளி இல்ல, கேள்விக்குறி இல்ல, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வெக்காம வுட்டுடுவாங்க. ‘என்று’, ‘என’ங்கற ரெண்டே கெட்டிக்காரப் பசங்க அத்தினி பேச்சையும் தாங்கிக்கினு நின்னாங்க. அச்சு வந்து, வெள்ளைக்காரன் புஸ்தகத்தப் பாத்துதான் நாம இந்தக் கொம்புங்கள இறக்குமதி பண்ணோம். அதுலயாவது அவங்களுக்குள்ள ஒத்துமை இருந்துச்சா? லண்டன்காரன் பெரும்பாலும் ஒத்தைக் கொம்பு, அமெரிக்காக்காரன் ரெட்டை. ஜெர்மன்காரன் மொதக் கொம்பை வரிக்கு அடியில தொங்க வுடறான். ஸ்பானிஷ்காரன் கோடு ஒன்னு இழுத்துட்டுப் பேச ஆரம்பிச்சிடறான். உலகமே ஆளுக்கொரு பக்கம் நிக்க சொல்ல, நம்ம ராபர்ட்சன்பேட்டைப் பையன் காற்புள்ளிய ஒரு எழுத்து தள்ளிப் போட்டதுக்கு அரை மார்க்கா கொறைக்கிற?

தங்கச் சுரங்கக் கூண்டுல எறங்கின ஆளு நான், அதனால சொல்றேன். மேல வைண்டிங் இஞ்சின் ஓட்டறவனுக்குக் கீழ இருக்கற எங்க மூஞ்சி தெரியாது. சாம்பியன் ரீஃப்ல மூணு கிலோமீட்டருக்கும் கீழ ஆளுங்க போனாங்க. இஞ்சின்காரனுக்குக் காது, கண்ணு எல்லாம் கீழேர்ந்து நாங்க அடிக்கற மணிதான். எறக்க ஒரு கணக்கு, ஏத்த ஒரு கணக்கு, நிறுத்த ஒரு கணக்கு. ஆசைக்காக எவனாவது ரெண்டு மணி கூட அடிப்பானா? கதை படிக்கறவனும் இஞ்சின்காரன்தான். எழுதற பையனோட மூஞ்சி அவனுக்குத் தெரியாது, குறிதான் அவனுக்கு மணி.

ஆனா இப்பப் பசங்க மணியடிச்சிக்கினே கீறாங்க. “வாடா!!!” “போடா!!!!” எல்லாம் 2018ல வந்த அந்த ‘கே.ஜி.எஃப்’ படத்தோட கைங்கரியம். அதுல தண்ணி கேட்டாலே இடி இடிக்குது. நெஜ மைன்ல டிரில் மிஷின் ஓட சொல்ல எவன் பஞ்ச் டயலாக் பேசினான்? பக்கத்துல நிக்கறவன் கத்தினாலே கேக்காது. தலையில இருக்கற லைட்ட ஆட்டுவோம், புரிஞ்சிடும். 2001 பிப்ரவரி 28, மைன மூடின அன்னிக்கு எங்க வூட்ல நடந்த பேச்சு சொல்றேன் கேளு.

“இன்னா சொன்னாங்க?”

“மூடிட்டாங்க.”

“கைய கழுவிக்கினு வா. சோறு ஆறுது.”

யார் பேசினாங்கன்னு நான் சொன்னேனா? சோகமா நவின்றாள்னு சொன்னேனா? ஒரு ஆச்சரியக்குறி கீதா? ஆள் மாறினா வரி மாறணும். அந்த ஒரு விதி வேலைய முடிச்சிடுச்சி.

இன்னொன்னு. பசங்க போன் பேசற சீன் எழுதினா ஒரு பக்கம் ஓடுது. ஹலோ. ஹலோ. நல்லா கீறியா? நல்லா கீறேன். வூட்ல? எல்லாரும் நல்லா கீறாங்க. இத்தினிக்கும் குறியெல்லாம் அச்சுப் பெசகாம போட்டு, நீயும் டிக்கு அடிச்சிருக்க! படிக்கறவன் கொட்டாவி வுடறான். ‘ரெண்டு பேரும் நலம் விசாரிச்சாங்க’ன்னு ஒரு வரியில தள்ளிட்டு, சண்டை ஆரம்பிக்கற எடத்துல கொம்பைத் தொறக்கச் சொல்லு. பரீட்சையில நேர்க்கூற்று, அயற்கூற்றுன்னு மாத்தி மாத்தி எழுத வெக்கறாங்களே, அது எதுக்குன்னு அப்பதான் பையனுக்கு உறைக்கும்.

பேச்சுக்குப் பஞ்சமா நம்ம ஊர்ல? விடிய சொல்ல பெங்களூர் வேலைக்குப் போற டிரெயின்ல ஒரு நாள் ஏத்தி வுடு. ஒரு பெட்டியில தமிழு, கன்னடம், தெலுங்கு, உருது, இங்கிலீசு, எல்லாம் ஒரே வாயில வரும். சீட்டுக்கு சண்டை, சீட்டுக்கட்டுக்கு சண்டை. கேட்டுட்டு வந்து எழுதட்டும்.

அப்பால கிளாஸ்ல இப்படிப் பண்ணு. ஒரு பையன் கதைய எடுத்து மூணு பேர் கையில குடு. ரெண்டு பேர் பேசற ஆளுங்க, ஒருத்தி கதை சொல்றவ. ஒத்திகை வேணாம், அப்படியே படிக்கட்டும். எவன் வரிய எவன் புடுங்கிப் படிச்சானோ, அங்க குறி கொறையுது. எழுதினவனையே பென்சிலால போடச் சொல்லு. பாதி நேரம் சிரிப்புலயே போயிடும். பெத்தவங்க வாசல்ல நின்னு, “இன்னா சார் ஒரே கூச்சல், கிராமர் நடத்தலியா?”ன்னு கேப்பாங்க. ‘நான் நடத்திக்கினுதான் கீறேன்னு சார் சொன்னார்’னு போர்டுல எழுதிப் போட்டு, ‘நான்’ யாருன்னு அவங்களையே கேளு.