சட்டம்-ஒழுங்கு அண்ணாச்சி

ஊருக்கு ஊர் டீக்கடை உண்டு. டீக்கடைக்கு ஒரு சட்டம்-ஒழுங்கு அண்ணாச்சியும் உண்டு. பேப்பரைக் கையில் வாங்கியதும் ‘ஓட ஓட விரட்டி வெட்டிக் கொலை’ எந்தப் பக்கம் என்றுதான் தேடுவார். கிடைத்துவிட்டால் டீ ஆறினாலும் கவலையில்லை.

அவர் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தால், “சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்குதுவே!” ஆளுங்கட்சியாக இருந்தால் அதே அரிவாள், அதே வெட்டு: “முன்விரோதம்வே. வீட்டுக்கு வீடு போலீசா போட முடியும்?” 2021 மே மாதம் வாக்கு எண்ணி முடித்த சாயங்காலமே, தமிழ்நாட்டு அண்ணாச்சிகளில் இரு கட்சிக்காரர்களும் வசனத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆட்சி மாறிய விவரத்தைக் கொலைகாரர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வந்தால் இன்னும் விசேஷம். எண்ணிக்கை கூடியிருந்தால் ஓர் அண்ணாச்சி, “டெல்லிக்காரனே சொல்லுதான்” என்பார். மற்றவர், “நாங்க புகாரை வாங்குதோம், அதான் கூடுது” என்பார். இதில் இரண்டாமவர் பேச்சில் கொஞ்சம் நியாயமும் உண்டு. குற்றம் கூடுவது வேறு, வழக்குப் பதிவு கூடுவது வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. கண்ணை மூடி எறிந்த கல் மாங்காயில் பட்டுவிட்டது.

தீர்வும் கைவசம் வைத்திருக்கிறார். “அரபு நாட்டுல மாதிரி நடுரோட்டுல வச்சு வெட்டணும்.” சொல்லிவிட்டு ஹெல்மெட் இல்லாமல் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போவார், புறம்போக்கை வளைத்துப் போட்ட தன் கடைக்கு.

2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் கொலையில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அண்ணாச்சி செலவில் டீ. 2022இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. போலீசார் பத்துப் பேர் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. அன்றைக்கு அவர் பேப்பர் பார்க்கவில்லை. நடுவில் 2020இல், ஊரடங்கில் கடையை மூடவில்லை என்று பிடித்துப்போன அப்பாவும் மகனும் சாத்தான்குளத்தில் அடிபட்டு இறந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் குடித்த டீயையும் வடித்த கண்ணீரையும் அவர் சேர்த்து யோசித்ததே கிடையாது.

அவருக்கு மிகவும் பிடித்தது மாவுக்கட்டுப் படம். பிடிபட்ட ரவுடி கையில் கட்டோடு நிற்பான். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்!” என்று கண்ணடிப்பார் அண்ணாச்சி. நம் காவல் நிலையக் கழிப்பறைகள் அரிவாள் பிடித்த கையாகப் பார்த்து எப்படி முறிக்கின்றன என்பதைப் பொதுப்பணித் துறைதான் ஆராய வேண்டும்.

போன மாசம் அவருடைய தங்கச்சி மகனைச் செயின் பறிப்பு விவகாரத்தில் சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். கவுன்சிலரையும் அழைத்துக்கொண்டு ஓடினார் அண்ணாச்சி. “பய தங்கம்யா, சேர்க்கைதான் சரியில்ல.”

“விசாரிச்சுட்டுக் காலையில அனுப்பிருதோம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணாச்சி கும்பிட்ட கையை இறக்கவில்லை. “விடிய விடிய விசாரிங்கய்யா. ஆனா, பயலுக்கு ராத்திரியில பாத்ரூம் போற பழக்கமே கிடையாதுங்கய்யா!”