புதன்கிழமை டாக்டர்

நெய்வேலிக்காரர்களுக்கு அழுத்தம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேல்மண்ணை அள்ள அள்ள, அந்த நீரை அமுக்கிப் பிடித்திருந்த பாரம் குறையும். விட்டால் பீறிட்டுச் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். அதனால் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகல், தீபாவளி பொங்கல் எதுவும் பார்க்காமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1961இல் நிலக்கரி கண்ணில் படுவதற்கு முன்பே இறைக்கத் தொடங்கிவிட்டார்கள். வெடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

நிலத்துக்குக் காட்டும் இந்த மரியாதையை மனிதனுக்கும் காட்டி அவனைக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! அதைப் பாராட்டத்தான் இதை எழுதுகிறேன்.

டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸில் இருக்கும் நிரந்தர ஊழியருக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி உண்டு. அவரை விட்டுவிடுவோம். ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர்ப் பக்கம் வாருங்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கணவர் சென்டரிங் வேலைக்காரர். ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. "தூங்கவே மாட்டேங்குறாரு தம்பி. விடிய விடிய செவுத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காரு. எங்க காட்றது, எவ்ளோ ஆகும்?" என்று அக்கா என்னைக் கேட்டார். இரண்டே கேள்வி. இவற்றுக்குப் பதில் சொல்ல இந்த நாடு எத்தனை காகிதம் செலவழித்திருக்கிறது என்பது பாவம், அக்காவுக்குத் தெரியாது.

எடுத்துச் சொன்னேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநல சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18ஆம் பிரிவு. கட்டுப்படியாகும் செலவில், வீட்டுக்கு எட்டும் தூரத்தில், நல்ல தரத்தில் கிடைக்க வேண்டுமாம். சொந்த மாவட்டத்தில் அரசு அதைத் தரவில்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்த்துக்கொண்ட செலவையும் அரசே ஏற்குமாம். அந்தச் செலவைக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. கேட்கும் அளவுக்கு யாருக்கும் குறை இல்லை என்றுதானே பொருள்? எண்ணெய் பூசி, மாலை சூட்டி, ஒரு கீறல் விழாமல் அடுக்கி வைத்திருந்த தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து ஔவை வியந்தாளே, அப்படித்தான் நானும் இந்தச் சட்டத்தைப் பார்த்து வியந்தேன்.

அடுத்தது காப்பீடு. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் அதை அவர்களுக்கு எழுதியது. நான்கு வருஷம் கழித்து, 2022 அக்டோபரில், மறுபடியும் எழுதியது. வயதான மாமனாருக்கு மருந்து வேளையை ஞாபகப்படுத்தும் மருமகளின் பொறுமை அது. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் பணம் தரும். மனநோய்க்காரரில் பெரும்பாலோருக்குப் படுக்கை தேவையில்லை. மாத்திரையும், மாதம் ஒருமுறை டாக்டரோடு பேச்சும், கூட ஒரு ஆளும் போதும். அதாவது நடமாடிக்கொண்டிருப்பவர் நோயாளியே இல்லை என்று நிறுவனங்கள் பெருந்தன்மையோடு நம்புகின்றன. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயம் சொந்தக்காரர்களுக்குக்கூட இல்லை.

இத்தனையும் பாலிசி வைத்திருப்பவர் கதை. அக்கா வீட்டில் ஒரு காலத்தில் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. மூத்த பையன் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தான். அவனை நம்பியிருக்கும் அப்பா அம்மாவும் அட்டையில் ஏறினார்கள். பையன் கெட்டிக்காரன், சம்பளம் ஏறியது. 2017 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். அவன் அதைத் தாண்டினான், கொஞ்ச காலத்தில் அட்டை போயிற்று. விலைவாசி எத்தனை படி ஏறினாலும் அந்த வரம்பு மட்டும் அதே படியில் வைராக்கியமாக உட்கார்ந்திருந்தது. பையனுக்கு இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷத்தில் வீட்டில் கேசரி கிளறினார்கள். நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

சரி, அட்டை இல்லாவிட்டால் என்ன? மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1996இல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. மருந்து இலவசம், ஆலோசனை இலவசம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் மனநல மருத்துவர் குறித்த கிழமையில் வட்டார ஆஸ்பத்திரிக்கு வருவார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை என்றார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் வரும், அதற்கு ஒழுக்கம் கிடையாது. மனநோய் புதன்கிழமை மட்டும் வரும். ராத்திரி இரண்டு மணிக்குப் பயம் வந்தாலும் புதன்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறமாட்டார். அந்த ஒருவர் புதன்கிழமை வந்து, வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் பார்த்து, மதியத்துக்குள் முடித்துவிடுகிறார் என்றால் அவர் வேகத்தை எந்த வார்த்தையால் புகழ்வது? மாத்திரை மலிவு. எழுதித் தருகிறவரைத் தேடி அலைவதில்தான் காசு கரைகிறது: அக்காவுக்கு ஒரு நாள் கூலி, துணைக்கு வரும் தம்பிக்கு ஒரு நாள் கூலி, மூன்று பேருக்குப் பஸ். இதையெல்லாம் இலவசத்தின் விலையில் சேர்க்கக் கூடாது.

புதன்வரை பொறுக்காத அவசரக்காரர்களுக்காகவே குறி சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு, நடுராத்திரி என்று பார்ப்பதில்லை. அட்டை கேட்பதில்லை, பணத்தைத் தவணையில்கூட வாங்கிக்கொள்வார். எல்லாவற்றையும்விட, குடும்பத்தையே சுற்றி உட்காரவைத்து, "எப்போலேருந்து இப்படி? அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று ஒரு மணிநேரம் கேட்பார். மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தருவதும் இதே கேள்விகளைத்தான். அவரிடம் நேரம் இருக்கிறது, மருந்து இல்லை. டாக்டரிடம் மருந்து இருக்கிறது, நேரம் இல்லை. இருவருக்கும் நடுவே இவ்வளவு அழகாக வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது யாரோ, அவர் வாழ்க.

டாக்டரை விட்டு நம்பிக்கையைத் தேடிப் போனவர்கள் சேர்ந்த ஏர்வாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். அரசு உடனே விழித்துக்கொண்டு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடியது. அந்த விழிப்புக்கு ஆன செலவு 28 பேர்.

விழிப்புணர்வில் நாம் எப்போதுமே முன்னோடிகள். சென்னையில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு வேர் 1794இல். அது இப்போது இருக்கிற பேட்டையின் பெயரையே நாம் வசவுச் சொல்லாக்கிவிட்டோம். சின்னப் பிள்ளைகள்கூட "நீ கீழ்ப்பாக்கம் கேஸுடா" என்று பேசிக்கொள்கின்றன. ஒரு ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு விளம்பரத்தை எந்த அரசும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. அக்காவும் அந்த விளம்பரத்தைக் கேட்டு வளர்ந்தவர்தான். அதனால்தான் முதல் நான்கு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் நான் ஒரு எண்ணைக் கொடுத்தேன்: 14416. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. போனில் பேசுகிறவர்கள் தன்மையாகவே பேசுகிறார்கள். அதைப் பயன்படுத்த அக்காவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு தனி அறைதான். ஒற்றை அறை வீடு அது. அறையில் கணவர் சுவரைப் பார்த்தபடி. வாசலில் பக்கத்து வீட்டுக்காரி அரிசி புடைத்தபடி. அக்கா போனைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு முந்திரித் தோப்புவரை நடந்துபோய், மரத்துக்குப் பின்னால் நின்று பேசினார். இருபது நிமிஷம் அழுதுகொண்டே பேசினாராம். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மருந்து தேவைப்படும் போலிருக்கிறது, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நேரில் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்த அக்கா, "இன்னைக்கி என்ன கெழம தம்பி?" என்று கேட்டார்.

வியாழன்.

"அப்ப இன்னும் ஆறு நாளு" என்று விரல்விட்டு எண்ணிவிட்டு உள்ளே போனார். ஆறு நாள் பம்பை நிறுத்தி வைத்துப் பார்க்கும் தைரியம் சுரங்கத்தில் எந்த எஞ்சினியருக்கும் கிடையாது.